ஈரம் புகாத பட்டை

ஒரு காட்டில் வருஷத்துக்குப் பதினோரு மாசம் மழை, மீதி ஒரு மாசம் தூறல். அப்பேர்ப்பட்ட இடத்தில் எல்லாரும் காலில் மின்பட்டை கட்ட வேண்டும் என்று சிங்கம் உத்தரவு போட்டது. ரப்பர் மாதிரி வளையும் பட்டை. நாடி பார்த்து, 'ஆள் உயிரோடு உண்டு' என்று ஆபீசுக்குச் சேதி அனுப்பும். மூன்று நாள் சேதி வராவிட்டால் ஆள் செத்தாச்சு. வீடு மனு போட்டவருக்கு. எந்தப் புண்ணியவான் யோசனையோ!

தவளை பச்சையம்மாள் குளத்திலேயே குடியிருப்பவள். அவள் பட்டை முறுக்கு மாதிரி நமுத்துப்போய், விட்டு விட்டுத் துடித்தது. கரையில் கொக்கு வெள்ளைச்சாமி அந்தக் குளத்துக்கு மனு போட்டுவிட்டு, பட்டை கட்டிய காலை நனையாமல் மடக்கிக்கொண்டு, ஒற்றைக்காலில் காத்திருந்தான்.

பச்சையம்மாள் ஆபீசுக்கு ஓடினாள். எழுத்தர் உடும்பு நிமிரவேயில்லை. "மூணாவது மேசை." மூணாவது மேசை ஏழுக்கு அனுப்பியது, ஏழு இரண்டுக்கு. சாயங்காலம்வரை சுற்றியும் சிங்கத்தின் அறை வாசலைக்கூடப் பார்க்கவில்லை. அழுகையே வந்துவிட்டது.

கூரையில் கூடு கட்டிய குளவிக்குப் பொறி தட்டியது. "அக்கா, உன்னை யாராச்சும் கதவைச் சாத்தித் தடுத்தாங்களா? மேசை மேசையா அலையவிட்டே தடுத்துட்டாங்க. ஈரத்தையும் இப்படி அலையவிடுவோமா?"

குளவி பட்டையை அனலில் உலர்த்தியது. களிமண்ணைக் கண்ணுக்கே தெரியாத தகடுகளாகப் பிரித்து, பிசினில் குழைத்து, ஒன்றன் இடைவெளியை இன்னொன்று மறைக்கும்படி அடுக்கடுக்காகப் பூசியது. வெங்காயச் சருகைவிட மெல்லிய படலம், வளைத்தாலும் விரிசல் விடவில்லை. நுழைந்த ஈரம் தகடு தகடாகச் சுற்றி வழியிலேயே ஓய்ந்தது. பச்சையம்மாள் குளத்தில் குதித்துக் கும்மாளம் போட்டாள்.

வெள்ளைச்சாமிக்கு வயிறெரிந்தது. எத்தனை நாள்தான் நிற்பான்! இரண்டு காலையும் தண்ணீரில் ஊன்றிப் பாய்ந்து, லபக்கென்று பட்டையோடு விழுங்கிவிட்டான். ஐயோ பாவம், பச்சையம்மாள்.

நாலாம் நாள் தலைவாரிக்கொண்டு ஆபீசுக்குப் போனான். "ஐயா, தவளை தவறிட்டா. குளத்தை என் பேருக்கு எழுதுங்க."

உடும்பு பதிவைப் பார்த்தது. "என்னய்யா உளர்றீர்? நாடி ஜோரா அடிக்குதே! முன்னைக்கு இப்போ திடமாவே இருக்கா."

வயிற்றுக்குள் கிடந்த பட்டை அவன் நாடியை எண்ணிக்கொண்டிருந்தது. 'நான்தான் தின்னேன்' என்று சொன்னால் கொலைக் கேஸ்.

"அது கிடக்கட்டும், நீர் யாரு?"

"வெள்ளைச்சாமி."

உடும்பு பக்கத்தைப் புரட்டியது. "உம்ம பட்டை நனைஞ்சு அடங்கி மூணு நாளாச்சு. செத்தவர் மனு செல்லாது. மூணாவது மேசையைப் பாரும்."

நீதி: உயிர் போனால் போகட்டும், பட்டையில் ஈரம் புகாமல் பார்த்துக்கொள்.