பல்லுக் காட்டுக்கு நூறு ரூபாய்

சோமசேகரத்தார் பொய் சொன்னால் முழுதாகத்தான் சொல்லுவார். அரைகுறைப் பொய் அவருக்குப் பிடிக்காது.

மூன்று புதன்கிழமை, அச்சுவேலிப் பல் வைத்தியர் செபநாயகத்தாரிடம் கடைவாய்ப்பல் அடைக்கப் போவதாகச் சொல்லிச் சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளில் புறப்பட்டார். மூன்று புதனும் சைக்கிள் மருதனார்மடத்தோடு நின்றுவிட்டது. அங்கே கூட்டாளி கனகரத்தினத்தார் வீட்டில் சீட்டுக் கடதாசி விளையாட்டு.

பயம் என்று சொல்லக்கூடாது. போர்க்காலத்தில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் செபநாயகத்தார் பல்லைக் குடைகிற மெசினைக் காலால் மிதித்துத்தான் ஓட்டினார். முதல்முறை பல்லைக் காட்டப் போனபோது அதைக் கண்ட சோமசேகரத்தாருக்கு, தன் வாயை யாரோ தையல் மெசினுக்குக் கீழே வைத்தது போலிருந்தது.

ஒவ்வொரு புதனும் பின்னேரம் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வருவார். "அடைச்சாச்சு" என்பார். நான்காம் கிழமை கன்னம் பேக்கரிப் பணிஸ் போல வீங்கிவிட்டது.

"மூண்டு தரம் அடைச்சும் உப்பிடி வீங்குதெண்டால் உந்த டொக்குத்தர் சரியில்லை," என்றாள் மனைவி இரத்தினம்மா. "யாழ்ப்பாண ரவுணிலை வேறை ஆளிட்டைப் போவம். முந்தி என்ன செய்ததெண்டு அவர் கேப்பார். டொக்குத்தர் உங்கடை பேரிலை வைச்சிருக்கிற மட்டைக் காட்டிலை எழுதினதைப் பிரதி எடுத்து எனக்குக் காட்டுங்கோ."

சோமசேகரத்தார் அசடு வழியச் சிரித்தார்.

"காட்டைக் காட்டச் சொன்னால் பல்லைக் காட்டுறியள்!"

"அது குடுக்க மாட்டினமப்பா. காட் டொக்குத்தரின்ரை."

"பல்லு ஆற்றை?"

"என்ரை."

"அப்ப பல்லைப் பற்றி எழுதினது ஆற்றை? கேக்க எங்களுக்கு உரிமை இல்லையோ?"

"உரிமை இருக்கு. கட்டணமும் இருக்கு. பிரதிக்கு நூறு ரூபாய்!"

கத்தரிக்காய்க்கே கால் மணித்தியாலம் பேரம் பேசுகிறவள், நூறு ரூபாய் என்றால் அடங்கிவிடுவாள் என்று நினைத்தார். மேலே ஒரு பூட்டும் போட்டார். "நோயாளி எழுதிக் குடுத்தால்தான் தருவினம்."

"அப்ப எழுதித் தாங்கோ." பேனையை நீட்டினாள்.

எழுதாவிட்டால் சந்தேகம் வரும். எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை மினிபஸ்ஸில் போன இரத்தினம்மா மத்தியானம் திரும்பினாள். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவரை நடுங்க வைத்தது.

"நூறு ரூபாயும் எடுத்தவையோ?"

"ஒரு சதமும் எடுக்கேல்லை. 'கேட்டால் தரத்தானே வேணும் அம்மா, தாளுக்குத்தான் தட்டுப்பாடு' எண்டார். கைப்பையிலை கொப்பியிலை கிழிச்ச ஒற்றைத் தாள் ஒண்டு கிடந்தது. நான் பாத்து எழுதினன், அவர் கையெழுத்து வைச்சவர்." ஒற்றையை விரித்து வாசித்தாள். "'கடைவாய்ப்பல்லில் ஓட்டை. பல் உறுதி. பிடுங்கத் தேவையில்லை, அடைக்கலாம். புதன் வரச் சொன்னது.'"

நிறுத்தி, ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள்.

"'புதன்: வரவில்லை. புதன்: வரவில்லை. புதன்: வரவில்லை.'"

"வேறை ஆரோ சோமசேகரத்தின்ரை காட்டை மாறித் தந்திட்டார் போலை."

"அந்தச் சோமசேகரத்துக்கும் மனிசி இரத்தினம்மாவாம்."

அவர் தலையைக் குனிந்தார். அவள் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"பயமோ?"

"ஓம்."

"முதலே சொல்லியிருக்கலாமே. இன்னும் பிந்தேல்லையாம். வீக்கத்துக்குக் குளிசை தந்தவர். வாற புதன் போனால் பல்லைக் காப்பாத்தலாமாம். நானும் வாறன்."

புதன்கிழமை இரத்தினம்மா சைக்கிளின் பின் காரியரில் ஏறிக்கொண்டாள். மருதனார்மடத்தில் சைக்கிள் பழக்கதோஷத்தில் மெல்லத் திரும்பப் பார்த்தது.

"நேரை!" என்றது காரியர்.

செபநாயகத்தார் மெசினை மிதித்தார். சோமசேகரத்தார் மனைவியின் கையை இறுக்கிப் பிடித்து, கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார். அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. பல்லும் தப்பியது. வாயைக் கொப்பளித்ததும் அவருக்கு எங்கிருந்தோ வீரம் வந்துவிட்டது.

"டொக்குத்தர், இண்டைக்கு நான் வந்ததையும் காட்டிலை எழுதுங்கோ. எனக்கொரு பிரதியும் தாங்கோ. அது என்ரை உரிமை!"

"கட்டாயம்," என்று செபநாயகத்தார் எழுதி நீட்டினார்.

சோமசேகரத்தார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசித்தார்:

"புதன்: மனைவியால் கொண்டுவரப்பட்டார்."