ஒற்றைக் கையால் காட்டிய வைட்

ஜெர்மனியின் பான் நகரத்துத் தமிழர்களில் வைட் அக்காவிடம் பிழை பிடிபடாத ஆள் என்று ஒருவர்கூட இல்லை. கோவில் அன்னதான வரிசையில் இடையில் நுழைந்த நிர்வாகத் தலைவரையே கடைசிக்கு அனுப்பியவர். சொந்தத் தங்கை மகளின் கல்யாணத்தில், மாப்பிள்ளை போட்ட இரண்டாவது முடிச்சு தளர்வாயிருக்கிறது என்று சொல்லி நாதஸ்வரத்தையே நிறுத்தினார். முடிச்சை இறுக்கிய பிறகுதான் எங்கள் கையிலிருந்த அறுகரிசி மணமக்கள் தலையில் விழுந்தது.

பெயர் வந்த கதை சின்னது. எங்கள் கோடை விளையாட்டு விழாவில் ஒருமுறை கிரிக்கெட் நடுவர் வரவில்லை. அக்கா போய் நின்றார். இரண்டு கையையும் விரித்து விரித்து அவர் கொடுத்த வைட்டுகளில் பொழுது பட்டதே தவிர, ஆட்டம் முடியவில்லை.

கணவர் இறந்தபின் அவருக்கு மிஞ்சியது முதியோர் இல்லத்து வேலையும் மகன் சஜனும்தான். சஜன் பள்ளிக்கூடத்துப் பெடியளோடு பேஸ்போல் கழகத்தில் சேர்ந்தான். இங்கே ஒவ்வொரு கழகமும் தன் பங்குக்கு நடுவர்களைக் கொடுத்தாக வேண்டும். யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது மற்றப் பெற்றோர் எல்லாரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள், அக்கா கையைத் தூக்கினார். பரீட்சையும் எழுதிப் பாஸாகி, முதல் ஆட்டத்திலேயே கிரிக்கெட் பழக்கத்தில் கைகளை விரித்து "வைட்" என்றார். பேஸ்போலில் அப்படி ஒரு சொல்லே இல்லை, பயிற்சியாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் ஜெர்மன் பிள்ளைகளும் வைட் என்றே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

சஜன் எறியும் பந்து கண்ணுக்குத் தெரியாது. எங்கே போகும் என்பது அவனுக்கும் தெரியாது. பேஸ்போலில் அடிப்பவனின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடையே, தரையில் பதித்த தட்டுக்கு மேலாகப் பந்து போகவேண்டும். நான்கு பந்து விலகிப் போனால், அடிப்பவன் மட்டையை வைத்துவிட்டு முதல் தளத்துக்குச் சும்மா நடந்து போகலாம். வேகம் அளக்கும் கருவியைப் பிடித்தபடி மற்ற அப்பாமார் சஜனைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அக்கா மட்டும், "நீ என்ன வேகத்திலை எறிஞ்சாலும் அவன் ஆறுதலா நடந்தெல்லோ போறான்" என்பார்.

மாநில இளையோர் அணிக்கு ஆள் தெரிவு செய்பவர் வருகிறார் என்று ஒருநாள் தகவல் வந்தது. தெரிவானால் விளையாட்டு விடுதிப் பள்ளி. சஜன் வீட்டைவிட்டுப் போய்விடுவான். அவன் அதற்காகத்தான் மூச்சே விட்டுக்கொண்டிருந்தான். என் காரில்தான் போனோம். மைதானத்தில் இறங்கினால், நடுவருக்குக் காய்ச்சலாம். இரண்டு பயிற்சியாளர்களும் அக்காவையே கேட்டார்கள். வேண்டாம் அக்கா என்று நான் தடுத்துப் பார்த்தேன்.

"நான் நிக்காட்டி ஆட்டம் நடக்காது தம்பி. அவனுக்கு இண்டைக்கு விட்டா வேறை நாள் இல்லை."

அடிப்பவனுக்கும் பந்து பிடிப்பவனுக்கும் பின்னால், முகமூடியும் கவசமும் மாட்டிக்கொண்டு அக்கா நின்றார். அவருக்கு நேர் பின்னால், கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். முதல் பந்து வைட். அடுத்ததும் வைட். முதல் இரண்டு பேரும் நடந்தே போனார்கள். தெரிவாளர் கருவியைப் பார்த்துச் சிரித்தார், சும்மா நடந்தவர்கள் நின்ற தளங்களைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். சஜன் பந்தோடு அக்காவிடம் வந்தான்.

"அம்மா, நான் போகக்கூடாது எண்டுதானே இப்பிடிச் சொல்லுறியள்?"

அங்கே தமிழ் விளங்கியது எங்கள் மூன்று பேருக்கு மட்டும். அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "போய் எறி" என்றார்.

அவன் இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து எறிந்தான். பந்து பிடிப்பவனின் கையுறையைத் தாண்டி, அக்காவின் முகமூடிக்கும் நெஞ்சுக் கவசத்துக்கும் இடையில், வலது காறை எலும்பில் பட்டது. எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. அக்கா அப்படியே குந்திவிட்டார். வலது கை எழும்பவில்லை. இடது கையை மட்டும் விரித்து "வைட்" என்றார். நான் சிரித்தேவிட்டேன். பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன், அது சாம்பலாயிருந்தது. தட்டின் மேலேயே மயங்கிச் சரிந்தார்.

வேகம் இருக்கிறது, பந்து சொன்ன இடத்துக்குப் போகவில்லை, அடுத்த வருடம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுத் தெரிவாளர் போய்விட்டாராம். அடுத்த வருடம் சஜனுக்கு வயது கடந்துவிடும். ஆஸ்பத்திரி நடைபாதையில் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தான். உள்ளே வா என்று கூப்பிட்டேன், வரவில்லை. அக்கா கட்டோடு படுத்திருந்தார். என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நான் சரியாத்தானே சொன்னனான்? அவன் போனா வீட்டிலை தனிய எப்பிடி இருக்கிறது எண்டு எனக்குப் பயம்தான். அந்தப் பயம் கண்ணுக்கை வந்திட்டுதோ?"

வைட் அக்கா தன் தீர்ப்பைப் பற்றி இன்னொருவரிடம் கேட்டதை அன்றுதான் பார்த்தேன்.

"எல்லாம் வெளியிலைதான் அக்கா. நான் நேர பின்னாலை நிண்டனான்" என்றேன்.

கண்ணை மூடி மூச்சு விட்டார். "அப்ப அவனை வரச்சொல்லும்."

எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

அக்கா வாரப் பத்திரிகை வாசிப்பதில்லை என்ற தைரியத்தில் இதையும் எழுதிவிடுகிறேன். அந்த முதல் பந்து உள்ளே போனதாகத்தான் எனக்குப் பட்டது. ஆனால் அவர் எத்தனை தடவை கேட்டாலும், வெளியே என்றுதான் சொல்வேன்.