ஆரஞ்சுத் தோலும் என் குலைநடுக்கமும்

ஆரஞ்சு வாங்கி, பழத்தைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டுத் தோலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோன மனிதர் கள்ளக்குறிச்சியிலேயே ஒருவர்தான். எங்கள் 'தோல் சார்'. அவர் குடிவந்த பிறகு தெருப் பிள்ளைகளுக்குச் சளி என்றால் என்னவென்றே மறந்துபோனது. அவ்வளவு ஓசிப் பழம். ஜூஸ் கடைக்காரர் மட்டும் அவர் வீட்டுக்குள் ஆடு வளர்ப்பதாக நம்பி, "குட்டி எப்பங்க போடும்?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஆடு இல்லை. பீர்.

பெங்களூரில் பீர் காய்ச்சி விற்கும் ஓட்டலில் காலமெல்லாம் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊர் திரும்பியவர். ஞாயிறு காலையில் சர்ச், மதியம் அடுப்பு. கோதுமையை முளைகட்டி, காயவைத்து, உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து வடித்துக் காய்ச்சி, ஈஸ்ட் போட்டு டிரம்மில் மூடிவிடுவார். அந்த பீரில் ஆரஞ்சு வாசனை நிற்க வேண்டும். ஆயுளில் அவருக்கு இருந்த ஒரே ஆசை அது.

ருசி பார்க்கும் ஆள், பக்கத்து வீட்டு நான். சங்கராபுரம் தாலுகா ஆபீசில் கிளார்க். சாராயம் என்ற சொல்லையே குரலைத் தாழ்த்திச் சொல்லும் ஊர் இது. வீட்டில் பீர் காய்ச்சுவதும் சட்டப்படி குற்றம்தான். மாட்டினால் வேலை போகும், மானம் போகும், மாமனார் வீட்டில் எனக்கு வைக்கும் இரண்டாவது முட்டையும் போகும். எதிர்வீட்டுக் குக்கர் விசிலடித்தால்கூட நான் கையைத் தூக்கிவிடுவேன்.

முதல் தடவை தோலை உள்பக்க வெள்ளையோடு போட்டார். வேப்பெண்ணெய்க்கு நுரை வந்ததுபோல் இருந்தது. அடுத்து எலுமிச்சைத் தோலைக் கொதிக்கக் கொதிக்கப் போட்டார். பாத்திரம் விளக்கும் சோப்பு. மூன்றாவதில் கொத்தமல்லி விதையைத் தட்டிப் போட்டார்.

"எப்படிக்கீது தம்பி?"

"அப்பளம் இருந்தா நல்லாருக்கும் சார்."

அவர் கோபப்படவில்லை. "அடுப்புல போட்டா வாசனை ஆவியாப் பூடுதுப்பா. டிரம்முல பொங்கி அடங்கின பொறவு மேல் தோலை மட்டும் ஊறப்போடணும். அதுவும் மலை ஆரஞ்சு. கடைப் பழத்துல வாசனையே கம்மி" என்றார்.

அப்படித்தான் கல்வராயன் மலைக்கு என் ஸ்கூட்டர் ஏறியது. சந்தையில் மூட்டையாகப் பழம் வாங்கி, அங்கேயே உரித்து, பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கெல்லாம் சுளையைத் தானம் செய்துவிட்டு, தோலைப் பாறையில் காயவைத்தார். கூடவே பீரில் நுரை கட்ட நாட்டு வெல்லம். எல்லாம் ஒரே பையில், என் கழுத்தில்.

மலையிலிருந்து காய்ந்த பட்டையும் வெல்லமும் ஒரே பையில் இறங்கினால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். சாராய ஊறலுக்கு. காய்ந்த தோலோ பார்வைக்கு அசல் மரப்பட்டை. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் அடிவாரத்தில் போலீஸ்காரர் கையைக் காட்டும் வரை அது உறைக்கவில்லை.

"பையில இன்னா?"

"இது என் பையே இல்லீங்க" என்றேன், பை கழுத்தில் தொங்க.

"பின்னாடி யாரு?"

"தெரியாதுங்க."

தோல் சார் என் இடுப்பைக் கட்டிப் பிடித்திருந்தார்.

போலீஸ்காரர் உள்ளே கைவிட்டார். முகம் மாறியது. "பட்டை, வெல்லம். எறங்குங்க ரெண்டு பேரும்."

எனக்குக் கால் இறங்கவில்லை. பல் மட்டும் தந்தியடித்தது. தோல் சார் நிதானமாக இறங்கி, "மோந்து பாருங்க சார்" என்றார்.

மோந்தார். "ஆரஞ்சுத் தோலு! பழம் எங்க பெரியவரே?"

"குடுத்துட்டேன்."

"பழத்தைக் குடுத்துட்டுத் தோலை எடுத்துக்கினு போறீங்களா?"

தப்பித்தோம், இவரைப் பைத்தியம் என்று விட்டுவிடப் போகிறார் என நினைத்தேன். போலீஸ்காரரோ என்னைத்தான் பரிதாபமாகப் பார்த்தார். "கஷாயம் இவருக்கா? எத்தினி நாளா இப்படி ஒதறுது?"

"ரொம்ப நாளா சார். ஊறவெச்சு ஒரு டம்ளர் குடுத்தா அடங்கும்."

"கஷாயத்துல வெல்லம் ஜாஸ்தி சேக்காதீங்க. சுகர் வந்துடும். போங்க."

வழி நெடுகத் தோல் சார் சிரித்த சிரிப்பில் ஸ்கூட்டர் குலுங்கியது. நான் குலுங்கியது வேறு காரணத்துக்கு.

அந்தத் தோல் ஊறிய பீர், அடடா! முதல் மடக்கில் மலைக்காற்று, தொண்டையில் கோதுமை, மூக்கில் அப்போதுதான் உரித்த ஆரஞ்சு. சாருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஏதோ ஜீப் சத்தம். நான் டம்ளரோடு பாத்ரூமுக்குள் பாய்ந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

வெளியே வந்தபோது தண்ணீர் லாரி போய்விட்டிருந்தது. தோல் சார் கொல்லைப்புறத்தில் டிரம்மைச் சாய்த்துத் தென்னைமரத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சார்! இன்னா பண்றீங்க? இதுக்குத்தானே இம்மாம் பாடு?"

"வாசனை வந்துடுச்சு, பாத்துட்டேன். நீ மாத்திரை முழுங்கற மாதிரி குடிக்கிற. எனக்காவ இத்தினி மாசமா பயந்துக்கினே குடிச்சிக்கீற. போதும்பா."

பிறகு அவர் காய்ச்சவே இல்லை. இப்போது பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறார். போன் செய்தால் என் சுகரைக் கேட்பதில்லை, பிள்ளைகளைக் கேட்பதில்லை.

"தம்பி, பயம் எப்படிக்கீது?"

"அது நல்லாத்தான் இருக்குது சார். பார்த்துச் சிரிக்கத்தான் ஆள் இல்லை."