நான் கண்டுபிடித்த இரண்டாவது வாழை

தாவரவியல் எம்.எஸ்ஸி. படிப்பவனைக் கீரை வாங்க மட்டும் அனுப்பாதீர்கள். பெயரை லத்தீனில் சொல்லிவிட்டு முற்றிய கட்டை வாங்கி வருவான். என்னை எழுபத்தொன்பதில் ஜவ்வாது மலைக்கே அனுப்பினார்கள்.

காட்டுவாழையையும் அதன் பங்காளியான கல்வாழையையும் (தோட்டத்துப் பூச்செடி இல்லை, மலையில் வளரும் நிஜ வாழை) ஒப்பிட்டு ஆய்வேடு எழுத வேண்டும். அது தேறினால்தான் பட்டம். பட்டம் வந்தால்தான் அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்த லெக்சரர் வேலை. (தெருவில் அப்போதே எனக்குப் 'புரொபசர்' என்று பேர்.)

பங்குனியில் ஆலங்காயத்தில் பஸ் ஏறினேன். மலையில் ஓடையோர நிழலில் காட்டுவாழை கிடைத்தது. கல்வாழையைக் காணோம். பக்கத்து நிலத்துக்காரி காளியம்மாவிடம் கேட்டேன்.

"இருக்குது சார், பாறை மேல. இப்போ தெரியாது. மழ வந்தாதான் எல வுடும்."

சிரித்தேன். வாழை என்ன, கோடை லீவுக்கு மாமியார் வீட்டுக்கா போகும்? (புத்தகத்திலும் அவள் சொன்னபடியேதான் இருந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை மகானுபாவன் நான் திருப்பவே இல்லை.)

அவள் நிலத்தோரம், வெயில் காயும் மேட்டில், குட்டையாகச் சில வாழைகள் நின்றன. பக்கக்கன்று ஒன்றுகூட இல்லை. கல்வாழை கன்று விடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். "மாட்டினியா!" என்று ஒவ்வொன்றிலும் தகரச் சீட்டு கட்டி இரண்டு மாதம் அளந்தேன். இலை, காம்பு, உயரம், எல்லாமே வித்தியாசம்! நாற்பது பக்கம் எழுதினேன். மத்தியானம் பாறை மேலே காய்ந்த மட்டை சுற்றிய ஒரு பருத்த அடிக்கட்டையில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றேன்.

ஆடியில், நல்ல மழைக்குப் பின், பேராசிரியர் நேரில் பார்க்க வந்தார். மேட்டுக்கு அழைத்துப் போனேன். என் கல்வாழை ஒவ்வொன்றைச் சுற்றியும் நாலைந்து கன்று!

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கூட வந்த காளியம்மாவிடம் திரும்பினார். "ஏம்மா, முன்னாடி இதுல கன்னு இல்லியா?"

"என் ஆடு வுட்டு வெச்சாதான சார்? இப்போ வெதப்பு நேரம், கட்டி வெச்சிருக்கிறேன்."

"அப்போ கல்வாழை?"

"தோ இருக்குதே!" பாறையைக் காட்டினாள் காளியம்மா. என் சாப்பாட்டு ஆசனம் பச்சைப்பசேலென்று இலை விரித்து நின்றது. "இந்த சார் தெனம் அதும்மேலதான் குந்தினு சோறு துன்னாரு. தெரிஞ்சிதான் குந்துறாருன்னு நெனச்சேன்."

"ஒரே காட்டுவாழையில வெயில்ல நின்னதையும் நிழல்ல நின்னதையும் பிரிச்சு, ஒரு ஆட்டை வெச்சு புது இனமே உண்டாக்கிட்டியேப்பா!" என்றார் பேராசிரியர். மானம் கப்பலேறியது. அங்கேயே அழுதிருப்பேன், காளியம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. எனக்கு மஞ்சள்காமாலை என்று அப்பா தெருவில் சொல்லிவைத்தார். பேராசிரியர் உண்மையை வேலூர் முழுக்கச் சொல்லிவைத்தார்.

அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது அதே வேலூரில் பெண் பார்க்கப் போன அன்றுதான் புரிந்தது. அக்காவும் தங்கையும் சேர்ந்தே வந்தார்கள். அச்சு அசல் ஒரே ஜாடை. நான் மாறி மாறிப் பார்த்து முழிக்க, அக்கா காபி டம்ளரை நீட்டினாள்.

"நான்தாங்க பொண்ணு. அளந்துகிட்டு இருக்காதீங்க, காபி ஆறிடும்."

அவளையே கட்டிக்கொண்டேன். பேரன் பேத்தி எடுத்துவிட்டோம். இன்றைக்கும் மச்சினி எங்கள் வீட்டு வாசலில் நின்று, "மாமா, நான் தங்கச்சி!" என்று உரக்க அறிவித்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறாள்.