நானூறு சாரம்

எனக்குப் பயம் இல்லாத விஷயம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது தமிழ். மற்ற எல்லாவற்றுக்கும் பயம். தென்காசியில் பிறந்து, டவுன் பஸ்ஸில் ஏறினால் கால்மணி நேரத்தில் குற்றாலம் என்கிற தூரத்தில் வளர்ந்து, இன்றுவரை மெயின் அருவிக்குள் தலையை நீட்டாத ஒரே ஜீவன் நானாகத்தான் இருப்பேன். (சீசனுக்கு வரும் சொந்தக்காரர்களின் செருப்பையும் மூக்குக்கண்ணாடியையும் காவல் காப்பதுதான் என் ஆயுட்காலப் பணி.) இடிக்குப் பயம், பல்லிக்குப் பயம், பின்னால் வரும் லாரிக்குப் பயம். ஆனால் தமிழாசிரியை என்பதால் தமிழிடம் மட்டும் பயம் கிடையாது. அந்த ஒரு தைரியந்தான் என்னைக் கவிழ்த்தது.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு கார்த்திகை மாதம் டெல்டா பக்கம் பெரிய புயல் அடித்தது. டிவியில் பார்த்தால் தென்னந்தோப்பு முழுக்க ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. எங்கள் பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து நிவாரணத்துக்கு ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தோம். மற்றவர்கள் அரிசி சேகரித்தார்கள், பாய் சேகரித்தார்கள். நான் பிழை திருத்தினேன். யாராவது "நிவாரண பொருட்கள் ரெடி" என்று போட்டால், "ப் விட்டுப்போச்சு" என்று அடுத்த நொடி என் பதில் போய் நிற்கும். எப்படித்தான் பொறுத்துக்கொண்டார்களோ தெரியவில்லை.

முதல் லாரி போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து செய்தி வந்தது. அனுப்பியவர் செல்வராணி. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். அங்கே டவர் எப்போதாவதுதான் எடுக்கும். எடுத்த நேரத்தில் அவசரமாக அடித்திருந்தார்.

"அரிசி பருப்பு வந்துவிட்டது. நன்றி. சாரம் கட்டத்தான் ஒன்றும் இல்லை. நாற்பது இருந்தால் போதும். நீளமாகவும் உறுதியாகவும் வேண்டும். ஞாயிறு சாயங்காலம் மறுபடி மழை என்கிறார்கள். அதற்குள் வரவேண்டும். ஆண் பெண் எல்லோரும் பயந்துபோய் இருக்கிறோம்."

எங்கள் பக்கம் சாரம் என்றால் ஆண்கள் இடுப்பில் கட்டுவது. மற்ற ஊர்க்காரர்கள் கைலி என்பார்கள், லுங்கி என்பார்கள். வாசித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேரும் கட்டத் துணியில்லாமல் நிற்பதை மனக்கண்ணில் பார்த்துவிட்டேன். (பார்த்திருக்கக்கூடாது.)

எங்கள் கணக்கு ஆசிரியர் மைதீன் சாருக்குக் கடையநல்லூர். நெசவுக் குடும்பம். சாரத்தோடு பிறந்து வளர்ந்தவர். அவருக்கே ஏதோ உதைத்தது.

"டீச்சர், சாரம் இல்லன்னா ஆம்பளைய வெக்கப்படுவாவ, சரி. பொம்பளைய எதுக்குப் பயப்படுதாவ?"

"ஊர் ஆம்பளைய பூராவும் சாரம் இல்லாம நின்னா பொம்பளைக்குப் பயமா இருக்காதா சார்?"

அவர் போனைக் கையில் எடுத்தார். "எதுக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுருவமா?"

"தமிழ்லதான எழுதியிருக்கு. இதுல கேக்க என்ன இருக்கு?" என்றேன். அந்த வாரந்தான் ஏழாம் வகுப்புக்கு 'பல பொருள் தரும் ஒரு சொல்' பாடம் நடத்தியிருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

குழுவில் உருக்கமாக எழுதினேன். "மானம் காக்கப் புறப்படுவோம்" என்று முடித்தேன். நாற்பது கேட்டால் நாற்பதா கொடுப்பது? மைதீன் சாரின் சொந்தக்காரர்கள் தறியிலிருந்து இருநூறு வந்தது. குற்றாலத்தில் அருவிகளில் எல்லாம் வெள்ளம் வந்து, குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். துண்டும் சாரமும் விற்கிற கடைக்காரர்கள் வியாபாரம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் போய் நின்றோம். ஒருவர்கூட மறுக்கவில்லை. "நீளமா, உறுதியா கேட்டுருக்காவ" என்று சொன்னதும், ஒரு அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "அங்கன ஆளுக நல்ல வளத்தி போல" என்று மேல்தட்டிலிருந்து பெரியதாக எடுத்துப் போட்டார். மொத்தம் நானூறு.

அதோடு வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால் என் உருக்கமான செய்திக்குக் கீழே "டீச்சர் தலைமையில் கிளம்புவோம்" என்று யாரோ போட, வரிசையாகக் கைதட்டல் விழுந்துவிட்டது. என் கணவர், "நீயா? லாரியிலயா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே கிளம்பினேன்.

ஞாயிறு விடியுமுன் புறப்பட்டோம். புளியங்குடியிலிருந்து வெளியூருக்கு எலுமிச்சம்பழம் ஏற்றிப்போகும் இசக்கி அண்ணாச்சியின் லாரி. முன்னால் அண்ணாச்சி, மைதீன் சார், நான். மதியத்துக்கு மேல் சாலையே வேறு மாதிரி ஆகிவிட்டது. கரண்டுக் கம்பங்கள் ரோட்டின் குறுக்கே கிடந்தன. ஒரு இடத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் லாரியின் அகலத்துக்கு மட்டும் தார். நான் கதவுப் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு முருகா முருகா என்றேன்.

"டீச்சரம்மா, நீங்க கண்ண மூடிக்கிட்டா எனக்கு வழி தெரியாமப் போயிராது. தைரியமா மூடுங்க" என்றார் அண்ணாச்சி. மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது லாரி நின்றிருந்தது. முன்னால் பாலம் உடைந்து கிடந்தது. அந்தப் பக்கம் இடுப்பளவுத் தண்ணீர், அதைத் தாண்டி மேட்டில் ஒரு ஓட்டுக் கட்டடம். தண்ணீருக்குள் இறங்கிப் பத்துப் பதினைந்து ஆண்கள் எங்களை நோக்கி வந்தார்கள். மைதீன் சார் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

"டீச்சர், எல்லாரும் சாரம் கட்டியிருக்காவ."

நானும் எட்டிப் பார்த்தேன். நல்லதாக, கட்டம் போட்டதாக, தொடைக்கு மேல் மடித்து அத்தனை பேரும் கட்டியிருந்தார்கள்.

அவர்களோடு முன்னால் வந்த பெண்மணிதான் செல்வராணி. மூச்சு வாங்கியது. "வந்துட்டீங்களா, சாமி. நாப்பதும் கெடச்சிருச்சாங்க?"

"நானூறு கொண்டாந்துருக்கோம்" என்றேன்.

அவர் லாரியைப் பார்த்தார். "நானூறா? இந்த ஒரு லாரியில எப்படிங்க ஏத்துனீங்க?"

"மடிச்சுத்தான்."

"மடிச்சா?"

அண்ணாச்சி தார்ப்பாயை அவிழ்த்தார். உள்ளே நானூறு சாரம், கட்டுக்கட்டாக, இஸ்திரி மடிப்புக் கலையாமல். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. செல்வராணி ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு, "இது கைலிங்க" என்றார், மிகவும் மரியாதையாக. பிறகு என் கையைப் பிடித்தார். "வந்து பாருங்க டீச்சர்."

அருவியில் தலை நீட்டாத நான் அன்றைக்கு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தேன். காலுக்குக் கீழே மண் நழுவியது. பயத்தில் அந்த அம்மாவின் கையை நகம் பதியப் பிடித்திருந்தேன்.

ஊரில் கூரையோடு மிஞ்சியது அந்தப் பள்ளிக்கூடம் மட்டுந்தான். உள்ளே அறுபது பேர் இருந்தார்கள். மேலே நடு உத்திரம் விரிசல் விட்டுத் தொய்ந்து, அதன்மேல் அத்தனை ஓடும் நனைந்து பாரமாக உட்கார்ந்திருந்தது. அதன் கீழே முட்டுக் கொடுக்கத்தான் சாரம் கேட்டிருக்கிறார்கள். கட்டட வேலைக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டுவார்களே, அந்தச் சாரம். பேப்பரில் நானே எத்தனை தடவை வாசித்திருப்பேன், சாரம் சரிந்து விபத்து என்று.

மூலையில் பாயில் செல்வராணியின் மகள் கயல்விழி படுத்திருந்தாள். நிறைமாதம். காலையிலிருந்து வலி. பக்கத்தில் ஊர் நர்ஸம்மா. "தண்ணிக்குள்ள இவளத் தூக்கிட்டுப் போக முடியாதுங்க. படகு நாளைக்குத்தான் வரும். இன்னிக்கு மழைய இந்தக் கூரை தாங்கணும்" என்றார் செல்வராணி. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கம்புன்னு ஒரு வார்த்தை எழுதாம விட்டுட்டேன். என் தப்புதாங்க" என்றார். ஒரு 'ப்'புக்கு ஊரையே வாட்டியவளிடம் அந்த அம்மா மன்னிப்புக் கேட்டார். எனக்கு அங்கேயே தண்ணீரில் முங்கிவிடலாம் போலிருந்தது. (அதற்கும் பயம்.)

கிழக்கே வானம் கறுத்துக்கொண்டே வந்தது. இசக்கி அண்ணாச்சி மட்டும் வெளியே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"சவுக்குக் கம்பு நெறையக் கெடக்கே?"

"எல்லாம் பாதியா ஒடிஞ்சதுங்க. எதுவும் மேல எட்டாது. கட்டக் கயிறும் இல்ல."

"ரெண்டு துண்ட ஒண்ணா வச்சுக் கட்டுனா எட்டும். கயிறு நானூறு கொண்டாந்துருக்கோமே." என் பக்கம் திரும்பினார். "மூடை கட்டுறது நமக்குப் பழக்கந்தான். நாலு சாரத்த நனைச்சு முறுக்குனா வடக்கயிறு. ஈரம் பட்டா இன்னும் இறுகும்."

அரைமணி நேரத்தில் சாரமெல்லாம் தண்ணீரைத் தாண்டித் தலைச்சுமையாக வந்து சேர்ந்தது. பெண்கள் இரண்டிரண்டு பேராக முறுக்கினார்கள். ஆண்கள் கம்பு சேர்த்துக் கட்டினார்கள். மைதீன் சார் எந்தக் கோணத்தில் முட்டுக் கொடுக்கவேண்டும் என்று பல்பத்தால் தரையில் கணக்குப் போட்டார். எனக்குக் கொடுத்த வேலை, அண்ணாச்சி கட்டி முடிக்கும்வரை ஒரு கம்பை அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்பது. சரியாக விரிசலுக்குக் கீழே.

பாதி கட்டியிருக்கும்போதே மழை இறங்கியது. ஓட்டின்மேல் அது விழுந்த சத்தத்தில் குழந்தைகள்கூட அழுவதை நிறுத்தின. மேலே 'மளுக்'கென்று ஒரு ஓசை. கம்பு என் கைக்குள் அதிர்ந்தது. அறுபது பேரும் அண்ணாந்து பார்த்தோம். என் மகள் அந்த நேரம் தென்காசியில் டிவி பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அவளை இனி பார்க்கமாட்டேன் என்றும் நினைத்தேன். கம்பை விட்டுவிட்டு ஓடத்தான் கால் துடித்தது. ஓடாததற்குத் தைரியம் காரணமில்லை, முழங்கால் இரண்டும் பூட்டிக்கொண்டன.

பாயிலிருந்து கயல்விழி என்னையே பார்த்தாள். "அக்கா, இது தாங்குமா?"

தமிழில் எனக்கு வாய் வராமல் போனது அன்றைக்குத்தான். கடைசியில் வந்தது இதுதான்: "கடையநல்லூர்ச் சாரம்மா. எங்க ஊர்ல ஒருத்தருக்கும் இடுப்புல இருந்து அவுந்ததே இல்ல."

அவள் ஒரு நொடி விழித்தாள். பிறகு வலியோடு சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து செல்வராணி சிரித்தார். அழுகையும் சேர்ந்த சிரிப்பு. அண்ணாச்சி கடைசி முடிச்சைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். எனக்கு உயிர் போய் வந்தது. முட்டு அசையவில்லை.

விடியும்வரை மழை பெய்தது. யாரும் தூங்கவில்லை. வெளுத்தபோது கூரை அங்கேயே இருந்தது. அதன் கீழே ஒரு பெண் குழந்தை வீல் வீலென்று அழுதுகொண்டிருந்தது. மிச்சமிருந்த சாரத்தில் பெரியதாக, நீளமாக, உறுதியாக ஒன்றை எடுத்து அந்த முட்டுக் கம்பிலேயே தூளி கட்டினார்கள்.

ஊருக்குத் திரும்பியதிலிருந்து நான் 'சாரம் டீச்சர்'. ஏழாம் வகுப்பில் 'செய்யுளின் சாரத்தை எழுதுக' என்று கேட்டால் பின் பெஞ்சில் ஒரு குலுங்கல் கேட்கும். கடைக்கு அனுப்பினால் என் கணவர் வாசலில் நின்று, "வெங்காயம்னா வெங்காயந்தானே? போன் போட்டுக் கேக்கணுமா?" என்பார். இப்போது எனக்குத் தமிழிடமும் பயம் வந்துவிட்டது.

நாலு மாதம் கழித்து ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செல்வராணியிடமிருந்து செய்தி வந்தது. போனை எடுத்தவர் என் கணவர். வாசித்துவிட்டு அவர் சாப்பாட்டைத் தள்ளிவைத்தார்.

"சாரத்தை இன்று அவிழ்த்துவிட்டோம். ஊரே கூடி நின்று பார்த்தது."

பிறகுதான் படம் வந்தது. புது உத்திரம், புது ஓடு, கீழே பிரித்துப்போட்ட கம்புகள், பக்கத்தில் சாயம் போன சாரங்கள் ஒரு குவியலாக. இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தச் செய்தியை வாசித்துக் காட்டாமல் அவர் காப்பி கொடுப்பதில்லை. வந்தவர்கள் புரையேறச் சிரிப்பார்கள். நானுந்தான் சிரிக்கிறேன். ஆனால் படத்துக்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது. அதை மட்டும் அவர் யாருக்கும் வாசிப்பதில்லை. அந்த இடம் வந்ததும் போனை என் கையில் கொடுத்துவிடுவார்.

"இனிமே பயம் இல்ல டீச்சர்."