சேற்றுக்கு ஒரு வெளியீட்டு விழா

ஒரு பொருளைப் பற்றி உருகி உருகிப் புத்தகம் எழுதவேண்டுமானால், அந்தப் பொருளோடு நமக்கு எந்தப் பழக்கமும் இருக்கக்கூடாது. கடலுக்குப் போகிறவன் கடலைப் பாடுவதில்லை. மீன் விலையைப் பற்றித்தான் கதைப்பான். கடலைப் பாடுகிறவன் பெரும்பாலும் படகில் ஏறினால் வாந்தி எடுப்பவனாக இருப்பான். நான் சேற்றைப் பாடியதும் இந்த விதிப்படிதான்.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் சீமெந்து முற்றமுள்ள வீட்டில் வளர்ந்தவன் நான். மழை தூறத் தொடங்கினால் அம்மா முதலில் என்னையும் பிறகு கொடியில் கிடக்கும் துணிகளையும் உள்ளே எடுப்பா. அப்படிப்பட்டவனை, அறுபதுகளின் தொடக்கத்தில், வன்னியில் அக்கராயன் பக்கத்துக் குடியேற்றத்திட்டப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஆசிரியராக அனுப்பினார்கள். முதல் மாரி மழைக்கே பள்ளிக்கூட முற்றம் குளமாகிவிட்டது. பிள்ளைகள் அதற்குள் குதித்து, உருண்டு, ஒருவர் முகத்தில் ஒருவர் பூசி, கண் மட்டும் தெரிய நின்று சிரித்தார்கள். நான் யன்னலுக்கு உள்ளே, கால் நனையாமல் கதிரையில் நின்றபடி அதைப் பார்த்தேன். உடனே எனக்குள் ஒரு குழந்தைக் கவிஞன் பிறந்தான். (பிறந்தவன் அப்போதே இறந்திருக்கலாம். நல்ல ஆயுசு அவனுக்கு.)

கதை இதுதான். மணி என்ற பையன் எருமைக்கன்றோடு மழைக்குள் வெளியே போகிறான். இருவரும் சேற்றில் விழுந்து எழும்பி மறுபடி விழுகிறார்கள். வீட்டுக்கு வரும்போது எது பையன், எது கன்று என்று தாய்க்கே தெரியவில்லை. ஆகவே அவள் கன்றைக் குளிப்பாட்டி, தலை வாரி இழுத்து, சோறு ஊட்டித் தொட்டிலில் போடுகிறாள். மகனைக் கொட்டிலில் கட்டி வைக்கோல் போடுகிறாள். இடையிடையே பாட்டு வேறு:

சேறே சேறே செல்லச் சேறே
காலைப் பிடிப்பாய், கையைப் பிடிப்பாய்!
விழுந்தோம் எழுந்தோம் விழுந்தே சிரித்தோம்
இன்னும் ஒருக்கால் விழுவோம் வா!

படம் கீறியவர் யாழ்ப்பாணத்தில் கடைப் பலகை எழுதுகிறவர். எருமையை அவர் நேரில் கண்டதில்லை. என் வர்ணனையை நம்பிக் கீறினார். அச்சிட்டவர் அப்பாவின் சினேகிதர். சுருட்டு லேபலுக்கு வாங்கிய மண்ணிற மை மிச்சம் கிடக்கிறது, சேற்றுக்கும் அதுதானே நிறம் என்று சொல்லிப் புத்தகம் முழுவதையும் அதிலேயே அடித்துவிட்டார். கடைசியில் பையன், கன்று, தாய், சேறு, வானம் எல்லாம் ஒரே நிறம். கதையில் தாய்க்கு வந்த குழப்பம் வாசகனுக்கும் வரும்படி அமைந்த புத்தகம் தமிழில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

முதல் பிரதியைப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வயற்காரி பாக்கியம் அக்காவிடம் கொடுத்தேன். தீவுப்பகுதியிலிருந்து காணி கிடைத்து வந்த குடும்பம். முழங்கால்வரை வயற்சேற்றோடு வேலியில் நின்றபடி வாசித்து முடித்தா.

"மாஸ்ரர், கண்டுக்குச் சோறு தீத்திப்போட்டுப் பிள்ளையைக் கட்டிவைச்சாளே, இவள் எந்த ஊர்க்காரி?"

"அது கற்பனை, அக்கா. சேற்றில் விளையாடுகிற இன்பத்தைப் பிள்ளைகளுக்கு..."

"இன்பமோ? உதுக்குள்ளை இருந்து கரையேறட்டும் எண்டுதானே என்ரை பொடியனைப் பள்ளிக்கூடம் அனுப்புறன். நீங்கள் திருப்பி உள்ளுக்கு அனுப்புறியள்."

பாமர மக்களுக்கு இலக்கியம் விளங்காது என்று முடிவு செய்துகொண்டு வந்துவிட்டேன்.

புத்தகம் வந்தால் வெளியீட்டு விழா வேண்டும். விழா என்றால் பிரதம விருந்தினர் வேண்டும். இதில் தலைமை ஆசிரியரைவிட அம்மாதான் உற்சாகமாக இருந்தா. எனக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடந்துகொண்டிருந்த காலம் அது. சிற்றம்பலம் என்று, ஒரு கந்தோரில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர்; அவருடைய மகள் புவனம். அந்த இடத்தில் அம்மாவுக்கு ஒரு கண்.

"அந்தாளுக்கு மேடை எண்டால் உயிர்," என்றா அம்மா. "விழாவுக்குக் கூப்பிடு. அவர் வந்து உன்னைப் பாத்ததாயும் இருக்கும், நாங்கள் போய்க் கேட்டதாயும் இராது."

கூப்பிட்டேன். அவர் மகிழ்ந்துபோனார். ஒரே ஒரு நிபந்தனை.

"தம்பி, பேச்சை நீங்களே எழுதித் தந்துவிடுங்கோ. நான் வாசிக்கிறன். சேவைக்காலம் முழுக்க மற்றவை எழுதினதை வாசிச்சுத்தான் கையெழுத்து வைச்சனான்."

மாப்பிள்ளையைப் பற்றிப் பெண்ணின் தகப்பன் பேசப்போகும் பேச்சை மாப்பிள்ளையே எழுதும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நான் கஞ்சத்தனம் செய்யவில்லை. என்னைக் குழந்தை இலக்கியத்தின் விடிவெள்ளி என்றேன். அடக்கம் கருதி ஒரு தடவை மட்டும்.

விழாவுக்கு முந்திய இரவு முழுவதும் மழை. காலையில் தலைமை ஆசிரியரிடம் ஓடினேன். "சேர், வேறு நாளுக்கு மாற்றுவோமா?"

"நிகழ்ச்சி நிரல் அடிச்சாச்சு தம்பி. மழையைப் பாத்து நிரலை மாத்தேலாது," என்றார். ஒரு நிகழ்ச்சியில் அவர் உண்மையாக நம்பியது நிரலைத்தான். நிகழ்ச்சி நடப்பதும் நடவாததும் இரண்டாம் பட்சம்.

பட்டு வேட்டி சால்வையோடு நான் மாட்டுவண்டியில் நின்றபடி பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தேன். பிள்ளைகளை வாசலில் வரிசையாக நிறுத்தினேன். ஒரு கிழமையாக அவர்களுக்கு ஒத்திகை கொடுத்திருந்தேன். நான் வலது கையை உயர்த்தினால் சேற்றுப் பாட்டைத் தொடங்கவேண்டும். கையை இறக்கும்வரை என்ன நடந்தாலும் நிறுத்தக்கூடாது. "என்ன நடந்தாலும்" என்பதை நான் அழுத்திச் சொல்லியிருந்தேன். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். பெற்றோரும் வந்து வாய்க்கால் வரம்பில் நின்றார்கள். அம்மா மண்டபத்து முன்வரிசையில் காஞ்சிபுரம் சேலையோடு இருந்தா.

வாடகைக் கார் வந்தது. வாசலுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில், வாய்க்கால் ஓரத்துப் பாதையில், மெல்ல ஒரு பக்கம் சரிந்து நின்றுவிட்டது. சாரதி எஞ்சினை முறுக்கினான். கார் அசையவில்லை, பின்சில்லு மட்டும் சுற்றி, பாதையோரம் "வருக வருக" என்று எழுதிக் கட்டியிருந்த வெள்ளைத் துணியில் புத்தகத்தின் நிறத்தை அள்ளி வீசியது.

ஊரவர்கள் சூழ்ந்து ஆலோசனை வழங்கினார்கள். ஒருவர் முன்னுக்குத் தள்ளச் சொன்னார், இன்னொருவர் பின்னுக்கு. இன்னொருவர், போன மாரியில் இதே இடத்தில் புதைந்த லொறியின் வரலாற்றை ஆதியிலிருந்து தொடங்கினார். பாக்கியம் அக்கா மட்டும் கத்தினா:

"ஐயா, இறங்காதேங்கோ! உழவு மிசின் கொண்டுவர ஆள் போட்டுது. மாஸ்ரர், நீங்களும் வரம்பிலை நில்லுங்கோ!"

நிற்கலாம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். காருக்குள் இருப்பவர் வருங்கால மாமனார். பின் ஆசனத்தில் அவருடைய மகள். வெளியே நிற்பவனோ சேற்றைச் செல்லமே என்று பாடிய கவிஞன். மாலையை ஏந்திக்கொண்டு இறங்கினேன்.

முதற் காலடி கணுக்கால்வரை போனது. இரண்டாவது முழங்கால்வரை. மூன்றாவதில் என் வலது செருப்பு இந்த உலகத்திடம் விடைபெற்றது. சேறு உள்ளே விடும், வெளியே விடாது என்ற அடிப்படைத் தகவல் என் புத்தகத்தில் எங்குமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எப்படியோ கார்க் கதவை அடைந்தேன். சிற்றம்பலம் ஐயா கதவைத் திறந்தார். வேட்டி வெள்ளை, சால்வை வெள்ளை, தலைமயிர் வெள்ளை, சிரிப்பும் வெள்ளை. "வாங்கோ, வாங்கோ," என்று மாலையைப் போட்டேன். அவர் பழைய கந்தோர் வழக்கப்படி, கைகுலுக்கக் கையை நீட்டினார்.

அவர் நீட்டியது மரியாதைக்கு. நான் பிடித்தது உயிருக்கு. அந்த நேரம் பார்த்து என் இடது கால் தொடைவரை இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் காரிலிருந்து வந்த விதத்தை எப்படிச் சொல்வது? அலுமாரித் தட்டிலிருந்து அடுக்கிவைத்த துணி சரிவதுபோல, மடிப்புக் குலையாமல், முழு நீளத்துக்கு வந்து விழுந்தார். நான் பக்கத்தில் குந்திவிட்டேன், இடுப்புவரை. யாராவது தூக்கிவிடுங்கள் என்று வலது கையை உயர்த்தினேன்.

"சேறே சேறே செல்லச் சேறே!" என்று வாசலில் இருந்து பிள்ளைகள் தொடங்கினார்கள்.

நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினேன். வேகமாகப் பாடச் சொல்கிறேன் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினார்கள். கையை இறக்கி ஊன்றினால் புதைந்துவிடுவேன். இறக்காவிட்டால் பாட்டு நிற்காது. இதற்கிடையில் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கார்க் கதவைப் பிடித்து, பாதி எழுந்தார். பிள்ளைகள் நான்காம் வரிக்கு வந்தார்கள்.

"இன்னும் ஒருக்கால் விழுவோம் வா!"

விழுந்தார்.

வரம்பில் நின்ற ஊர் இதை என்னுடைய ஏற்பாடு என்றே நினைத்துக் கைதட்டியது. தலைமை ஆசிரியர் குடையோடு ஓடிவந்து, கரையிலேயே நின்று, "மதிப்புக்குரிய பிரதம விருந்தினர் அவர்களே!" என்று வரவேற்புரையை ஆரம்பித்தார். நிரலில் அதுதான் அடுத்தது. காருக்குள்ளிருந்து முதலில் ஒரு இருமல் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு இருமல் என்ற பாசாங்கை விட்டுவிட்டு, புவனம் என்ற பெண் வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம்.

உழவு மிசின் வந்து காரை இழுத்தது. எங்களைப் பாக்கியம் அக்காவின் புருஷன் கயிறு போட்டு இழுத்தார். வாய்க்காலில் ஐயாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று குளித்தோம். எவ்வளவோ சொல்ல நினைத்தேன். கடைசியில் வந்தது இதுதான்:

"ஐயா, காதுக்குள்ளை கொஞ்சம் இருக்கு."

"தெரியும்," என்றார்.

பாக்கியம் அக்கா வீட்டுச் சாரமும் பெனியனும் அணிந்து பிரதம விருந்தினர் மேடையேறினார். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடியிருந்தா. எழுதிக் கொடுத்த பேச்சு நனைந்து அழிந்திருக்க வேண்டும் என்று நான் எல்லாத் தெய்வங்களையும் வேண்டினேன். அது புவனத்தின் கைப்பையில், ஒரு துளி ஈரமில்லாமல், பத்திரமாக இருந்தது. எடுத்துத் தகப்பனிடம் கொடுத்தாள்.

வைத்த தாளை வாசித்தே பழகிய மனிதர். வாசித்தார்.

"அன்புடையீர்! இந்த இளம் நூலாசிரியர் எனது கையைப் பற்றி," என்று தொடங்கி, நிறுத்தி, என்னை ஒரு பார்வை பார்த்து, மீண்டும் தொடர்ந்தார். "எனது கையைப் பற்றி, நான் அறியாத ஒரு சேற்று உலகத்துக்குள் என்னை இழுத்துச் சென்றுவிட்டார்!"

மண்டபத்துக் கூரைத் தகரம் அதிர்ந்தது. ஐயா பொறுமையாகக் காத்திருந்து அடுத்த வரிக்குப் போனார். "அந்த இன்பத்தில் மூழ்கிய நான் எழுந்திருக்க மனமின்றி..." அதற்கு மேல் எவருக்கும் எதுவும் கேட்கவில்லை. விடிவெள்ளி என்ற இடம் வந்ததா, அவர் தாண்டிவிட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

தேத்தண்ணி நேரத்தில் புவனம் புத்தகத்தோடு என்னிடம் வந்தாள். அந்தக் காலத்தில் பேச்சுக்காலில் இருக்கும் பெண் இப்படி நேரே வந்து கதைப்பது வழக்கமில்லை. ஆனால் அன்றைக்கு வழக்கங்கள் எல்லாம் ஏற்கெனவே சேற்றில் கிடந்தன.

"இதிலை பொடியன் எது, கண்டு எது?"

"நெற்றியிலே பொட்டு இருக்கிறது பொடியன்."

பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். "ரெண்டுக்கும் இல்லையே," என்றாள்.

புறப்படும்போது அம்மா தயங்கித் தயங்கி ஐயாவிடம் போய், "அப்ப, எங்கடை மற்றக் கதை..." என்று இழுத்தா.

"முதல் சேறு காயட்டும், பிள்ளை," என்றார் அவர்.

வன்னியில் மாரிச்சேறு காய்வது எப்போது என்று உங்களுக்குத் தெரியும். தை போனது, மாசி போனது. நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அம்மா ஒரே கேள்வி கேட்டா: "ஏன்ராப்பா, உனக்கு ஒரு ரோசாப்பூவைப் பற்றி எழுதியிருக்கக்கூடாதோ?" எனக்கோ வேறு கவலை. அந்தச் சிரிப்பு காதைவிட்டுப் போகவில்லை. இடம் தவறிப்போனால் அம்மாவைவிட எனக்குத்தான் அதிகம் வலிக்கும் என்று எனக்கே தெரிந்தது. இதை எவரிடமும் சொல்லவில்லை, பாட்டாகவும் எழுதவில்லை. அனுபவம் அவ்வளவு கற்பித்திருந்தது.

பங்குனியில் தரகர் வந்தார். தகப்பன் வேறு இடம் பார்க்கலாம் என்றாராம். "பெட்டை மறுத்திட்டுது. இதுவரை வந்த மாப்பிள்ளையள் ஒருத்தரைப் பாத்தும் தனக்குச் சிரிப்பு வரேல்லையாம்," என்றார் தரகர். இதைப் பாராட்டாக எடுப்பதா வேண்டாமா என்று அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கலியாணம் புவனத்தின் வீட்டில், நல்ல வெயில் நாளில், சீமெந்து நிலத்தில் நடந்தது. கன்னிகாதானத்துக்கு நேரம் வந்தது. "மாப்பிள்ளையின்ரை கையைப் பிடியுங்கோ," என்றார் ஐயர்.

மாமனார் கையை நீட்டவில்லை. குனிந்து முதலில் நிலத்தைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். தன் பாதத்தால் ஒரு தரம் அழுத்தியும் பார்த்தார். பிறகு, இடது கையால் மணவறைத் தூணை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையை என்னிடம் தந்தார். பக்கத்தில் தலை குனிந்திருந்த மணப்பெண்ணுக்கு இருமல் வந்தது.

இப்போது எங்கள் குடும்பத்தில் பேரப்பிள்ளைகள்வரை இது சடங்காகிவிட்டது. லண்டனில் நடந்தாலும் கனடாவில் நடந்தாலும், பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடிக்கும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து எவராவது, "மாமா, நிலத்தைப் பாருங்கோ!" என்று கத்துவார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் விளங்காமல் குனிந்து கம்பளத்தைப் பார்ப்பார்கள். அண்மையில் ஒரு கலியாணத்தில் ஐயரும் சேர்ந்து பார்த்தார். இது ஏதோ வன்னிப் பக்கத்து வழக்கமாக்கும் என்று நினைத்து, அந்த இடத்தில் இரண்டு மந்திரமும் கூடச் சொன்னார்.