லோத்குண்டாவுக்குக் கிளம்பிய பாயசம்

கம்ப்யூட்டர் துறையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ரிப்பேரான எதைப் பார்த்தாலும் "கொடுங்க, நான் பார்க்கிறேன்" என்று கையை நீட்டிவிடுவார்கள். மிக்சி, தண்ணீர் மோட்டார், பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டை, எதற்கும் விலக்கில்லை. எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த நேரத்தில் கல்யாணமும் ஆகியிருந்தது. புது மாப்பிள்ளை என்பதால் தடுக்கவும் ஆளில்லை.

நான் திருநெல்வேலிக்காரன். வேலைக்காக ஹைதராபாத் வந்தவன். பெண் எடுத்ததும் இங்கேயேதான். என் மாமனார் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்டது. அவர் பேசும் தமிழில் நாலு வார்த்தைக்கு ஒரு 'ஹவ்' (ஆமாம்), ஒரு 'நக்கோ' (வேண்டாம்) விழும். நாச்சாரத்தில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். அங்கே இரும்பு ஏற்றி இறக்க ஒரு பழைய டீசல் பிக்கப் வண்டி இருந்தது. அதன்மேல் அவருக்கு உயிர். "இருபத்திரண்டு வருஷமா ஒரு நாள்கூட என்னை நடுரோட்டுல விட்டதில்ல" என்று பெண் பார்க்கப் போன அன்றே என்னிடம் சொன்னார். (பெண்ணைப் பற்றி அவ்வளவு சொன்னதாக ஞாபகம் இல்லை.) யாராவது அதைப் பழைய வண்டி என்று சொல்லிவிட்டால், அப்புறம் அவர்கள் வீட்டில் காபிகூடக் குடிக்க மாட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லோத்குண்டாவில் ஒரு ஹாலில் என் மைத்துனிக்கு நிச்சயதார்த்தம். ஹாலில் அடுப்பு மூட்டக்கூடாது என்றுவிட்டார்கள். அதனால் பட்டறைக் கொட்டகையில் சமைத்து, பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. சம்பந்தியாகப் போகிறவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை. "பன்னிரண்டரைக்கு இலை போட்டுடணும்" என்று மட்டும் சொன்னார். வேறு எதுவுமே கேட்காத மனிதர் இது ஒன்றைக் கேட்டதால், மாமனாருக்கு அதுவே பெரிய கவலையாகிவிட்டது. இதில் தப்பு நடந்தால் மகள் அந்த வீட்டில் எந்த முகத்தோடு நுழைவாள் என்று வித்யாவிடம் (என் மனைவி) இரண்டு முறை சொல்லி வருத்தப்பட்டாராம்.

இந்த லட்சணத்தில் அந்த வாரம் வண்டிக்கு ஒரு நோய் வந்தது. ஸ்டார்ட் ஆகும், நன்றாக ஓடும், கொஞ்ச தூரம் போனதும் மூச்சுத் திணறி நின்றுவிடும்.

"காஜா பாய்க்கு ஒரு போன் போட்டா வந்து பார்த்துடுவாரு" என்றார் மாமனார். காஜா பாய் ஹப்சிகுடாவில் மெக்கானிக்.

"அவரு எதுக்கு மாமா? நான் பார்க்கிறேன். ஆபீஸ்ல தினமும் இதுதான் என் வேலை. எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு."

"கைக்கு மாப்பிள்ளை உங்களுக்கு இந்தக் கஷ்டம்?"

'கைக்கு' என்றால் அந்த ஊர் உருதுவில் 'எதற்கு'. அவர் கேட்டது உபசாரமல்ல, எச்சரிக்கை என்று இப்போது புரிகிறது. சனிக்கிழமை முழுக்க இணையத்தில் படித்து, டீசல் ஃபில்டரை மாற்றி, அதன் பக்கத்திலிருந்த கைப்பம்பை அழுத்தி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினேன். வண்டியில் டீசல் முள் வேலை செய்யாது. மூடியைத் திறந்து தொட்டிக்குள் குச்சியை விட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும். அதையும் பார்த்தேன். ஸ்டார்ட் செய்ததும் பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடியது. போனில் 'கோளாறு சரி செய்யப்பட்டது' என்று எழுதி, தேதியும் போட்டுக்கொண்டேன்.

ஞாயிறு பதினோரு மணிக்கு மாமனார் வண்டியை எடுத்தார். பக்கத்தில் பட்டு வேட்டி சட்டையில் நான். பின்னால் சாம்பார், ரசம், சோறு, பொரியல் எல்லாம் அண்டா அண்டாவாக. நடுவில் சமையல்காரர் ராமு அண்ணன் பாயச அண்டாவை இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹப்சிகுடா சிக்னலைத் தாண்டியதும் வண்டி நின்றது.

"ஒண்ணும் இல்ல மாமா, ஏர் பிடிச்சிருக்கு. அஞ்சு நிமிஷம்" என்று குதித்தேன். குச்சி விட்டு டீசல் பார்த்தேன், நிறைய இருந்தது. கைப்பம்பை அழுத்தினேன். ஒரே சாவியில் பிடித்துக்கொண்டது. மாமனார் என்னைப் பார்த்த பார்வையில் முதல்முறையாக மரியாதை தெரிந்தது. அந்த மரியாதை தார்நாகா வரை நீடித்தது.

தார்நாகாவில் ஃபில்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். குச்சி விட்டேன். ஓடியது! 'ஃபில்டர்தான் காரணம்' என்று போனில் எழுதினேன். மெட்டுகுடாவில் மறுபடி நின்றபோது மணி பன்னிரண்டு. பின்னாலிருந்து ராமு அண்ணன், "தம்பி, பாயசத்துல ஆடை கட்டுது!" என்று குரல் கொடுத்தார். வித்யா போனில் அழைத்தாள்.

"எங்க இருக்கீங்க? அவங்க ஆளுங்க எல்லாம் வந்தாச்சு. சுபேதார் மாமா வாசல்லயே நின்னு வாட்ச்சைப் பார்த்துட்டு இருக்காரு."

"கிட்டத்தட்ட கண்டுபிடிச்சுட்டேன்."

"என்னத்தைக் கண்டுபிடிச்சீங்க? ஹாலையா?"

வேறு வண்டி பிடித்துவிடலாம் என்றார் மாமனார். நான் விடவில்லை. பலம் கொண்ட மட்டும் கைப்பம்பை அழுத்தி, எஞ்சினுக்குப் போகும் டீசல் குழாயின் நட்டைத் தளர்த்திவிட்டு, சாவியைத் திருகச் சொன்னேன். டீசல் வருகிறதா என்று குனிந்து பார்த்தேன். வந்தது. மூக்கிலிருந்து முழங்கால் வரை வந்தது. பட்டு வேட்டி டீசலில் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. மாமனார் போனை எடுத்து, "காஜா பாய், ஜரா ஆவோ" (கொஞ்சம் வாங்க) என்று மட்டும் சொன்னார்.

காஜா பாய் கால் மணியில் ஸ்கூட்டரில் வந்தார். (முதலில் நின்றோமே ஹப்சிகுடா, அங்கிருந்து அவர் பட்டறை கூப்பிடு தூரம்தான்.) நான் நட்டை முடுக்கிக்கொண்டே, போனைப் பார்த்துப் பார்த்து, நடந்ததை வரிசையாக ஒப்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டே எஞ்சின் பக்கம் போகாமல் டீசல் தொட்டியின் பக்கம் போனார். மூடியைத் திறந்தார். 'புஸ்' என்று ஒரு சத்தம்.

"ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் இப்படிச் சத்தம் வந்துச்சா?" என்று அவர் கேட்டதை மாமனார் தமிழில் சொன்னார்.

வந்தது. குச்சி விடுவதற்காகத் திறந்த ஒவ்வொரு முறையும் வந்தது. நான் எழுதிக்கொள்ளவில்லை. என் ஆபீசில் பிழை எல்லாம் எழுத்தில்தான் வரும், 'புஸ்' என்று வராது.

காஜா பாய் மூடியை என் முகத்துக்கு நேராகக் காட்டினார். அதன்மேல் அடைதோசைக் கனத்துக்குச் சந்தனம், நடுவில் எட்டணா அளவுக்குக் குங்குமம், காய்ந்து சிமெண்டாகியிருந்தது. "யே கோன் லகாயா?" என்றார். யார் வைத்தது என்று எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பத்து நாளைக்கு முன்னால் ஆயுத பூஜை. எல்லோரும் வண்டிக்கு முன்கண்ணாடியிலும் நம்பர் பலகையிலும் பொட்டு வைப்பார்கள். மாமனாருக்கு உயிரான வண்டியாயிற்றே என்று நான் சக்கரம், கண்ணாடி, கதவுக் கைப்பிடி எல்லாவற்றுக்கும் வைத்து, மிச்சச் சந்தனத்தை டீசல் மூடியில் அப்பியிருந்தேன். டீசல் குறையக் குறையத் தொட்டிக்குள் காற்று போக வேண்டும், அதற்கு மூடியில் ஊசித்துளை ஒன்று இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. துளை அடைபட்டதால் தொட்டி டீசலை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டது. நான் குச்சி விடத் திறந்ததும் காற்று போய் வண்டி ஓடியது. பம்பும் ஃபில்டரும் வீணாகப் பெயர் வாங்கிக்கொண்டன. இதில் கொடுமை என்னவென்றால், அன்று காலையிலிருந்து ஒவ்வொரு முறையும் சந்தனம் உதிர்ந்துவிடக் கூடாதே என்று மூடியை ஓரமாகப் பிடித்துத்தான் திறந்திருக்கிறேன்.

காஜா பாய் ஒரு ஊக்கை எடுத்துத் துளையைக் குத்தினார். அவ்வளவுதான் வைத்தியம். அப்புறம் வண்டி எங்குமே நிற்கவில்லை.

ஹாலை அடைந்தபோது மணி ஒன்று பத்து. வெற்று இலைகளுக்கு முன்னால் நூற்றைம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுபேதார் வாசலில் விறைப்பாக நின்றிருந்தார். மாமனார் வண்டியிலிருந்து இறங்கிக் கைகூப்பினார்.

"மன்னிக்கணும் சம்பந்தி. வண்டி பழசாயிடுச்சு."

 அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. என்னைக் காப்பாற்றுவதற்காகத் தன் வண்டியைக் காட்டிக்கொடுக்கிறார். அதுவும் ஒரு குற்றமும் செய்யாத வண்டியை. டீசல் சொட்டச் சொட்ட முன்னால் போய், "வண்டிமேல தப்பே இல்ல சார். நான்தான் டீசல் மூடியில சந்தனம் பூசிட்டேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது அழுகை வந்தது. (டீசல் கண்ணில் பட்டதால் என்று வித்யாவிடம் இன்றுவரை சாதித்துக்கொண்டிருக்கிறேன்.)

சுபேதார் வண்டியருகே போய் மூடியைத் தடவிப் பார்த்தார். திரும்பி வந்து மாமனாரின் தோளில் கை வைத்தார்.

"ராணுவத்துல எனக்கு வண்டிப் பிரிவுதான் சம்பந்தி. எலி புகுந்து நின்ன எஞ்சினைப் பார்த்திருக்கேன், பாம்பு புகுந்து நின்னதையும் பார்த்திருக்கேன். பக்தி புகுந்து நின்ன எஞ்சினை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்." ஹாலே சிரித்தது. மாமனாரும் சிரித்தார். பிறகு சுபேதார் விரலை உயர்த்தி, "ஆனா ஒரு நிபந்தனை" என்றதும் எல்லோருக்கும் மறுபடி மூச்சு நின்றது. "கல்யாணத்தன்னிக்குக் காருக்கு அலங்காரம் பண்ணும்போது, இந்தத் தம்பியை யாராவது பிடிச்சு வெச்சுக்கணும்."

பிடித்து வைத்துக்கொண்டார்கள். இரண்டு பேர்.

அன்றிலிருந்து ஆயுத பூஜை தோறும் காலை ஆறு மணிக்குச் சுபேதாரிடமிருந்து போன் வரும். "பெரிய மாப்பிள்ளை எங்க?" என்பார். "குளிச்சிட்டு இருக்காரு மாமா, சந்தனக் கிண்ணத்தை ஒளிச்சு வெச்சாச்சு" என்பாள் வித்யா. போன வருடம் மாமனாருக்கே மனசு கேட்கவில்லை. கிண்ணத்தை என்னிடம் கொடுத்து, "உங்க லேப்டாப்புக்கு மட்டும் வைங்க, வேற எதுவும் நக்கோ" என்றார். லேப்டாப்பின் அடியில் காற்றுத் துளைகள் இருந்தன. நான் பாடம் படித்தவன். அந்தப் பக்கமே போகாமல், திரைக்கு மேல் விளிம்பில், சரியாக நடுவில், அழகாக ஒரே ஒரு பொட்டு வைத்தேன்.

லீவு முடிந்த மறுநாள் காலை ஆபீஸ் வீடியோ மீட்டிங்கில் எல்லார் முகமும் தெரிந்தது. என் கட்டம் மட்டும் இருட்டாக இருந்தது. முக்கால் மணி நேரம் கேமரா கோளாறுக்குக் காரணம் தேடினேன்.